கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு டிலே பெடல்

சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவுக்குப் போய்வந்தவர்களுக்கு எக்கோ பழகிய சத்தம். முல்லையாற்றங்கரையில் கூட்டம் நெரியும்போது மைக்கில் அறிவிப்பு வாசிப்பவரின் குரல் இரண்டு மூன்று தடவை தன்னையே திருப்பிச் சொல்லிக்கொண்டு தேய்ந்து அடங்கும். அதே வேலையைக் கிட்டாருக்காகச் செய்து, இடைவெளி, எண்ணிக்கை, அளவு மூன்றையும் வாசிப்பவர் தன் விருப்பப்படி மாற்றிக்கொள்ள வழிவைத்து, காலால் மிதித்து இயக்கும் சிறு பெட்டிக்குள் அடக்கினால் அதுதான் டிலே பெடல். தேனியிலோ கம்பத்திலோ இருக்கும் ஒருவர் அதை வீட்டிலேயே வடிவமைத்துச் செய்ய முடியுமா, செய்வதானால் எந்த வழியில் போவது நல்லது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. டேப், பிபிடி என்ற அனலாக் சிப், மைக்செட் எக்கோவில் வரும் மலிவான டிஜிட்டல் சிப், நிரல் எழுதி ஓட்டும் செயலி என்று நான்கு வழிகள் உண்டு. என் விடையை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். இந்தப் பள்ளத்தாக்குக்குப் பொருந்துவது மூன்றாவது வழி. விலை குறைவு என்பது அதற்கு ஒரு காரணம்தான். அந்தச் சிப்பைத் தொட்டுப் பழகிய கைகள் இங்கே ஏற்கெனவே இருக்கின்றன என்பது அதைவிடப் பெரிய காரணம்.

கிட்டார் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. உத்தமபாளையம் பக்கத்துப் பண்ணைப்புரத்தில் 1943இல் பிறந்த இளையராஜா, அண்ணன் பாவலர் வரதராஜனின் பொதுவுடைமை மேடைகளில் ஆர்மோனியத்தோடு தொடங்கி, 1960களின் கடைசியில் சென்னைக்குப் போய் தன்ராஜ் மாஸ்டரிடம் பயின்று, கிளாசிக்கல் கிட்டாரில் தேர்ச்சி பெற்று, ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்துகொண்டே பிறர் பாடல்களுக்குக் கிட்டார் வாசித்தவர். 1976இல் ‘அன்னக்கிளி’ வந்த பிறகு தமிழ்ப் பாட்டில் கிட்டாருக்குக் கிடைத்த இடம் எல்லோரும் அறிந்தது. இன்று ராயப்பன்பட்டி போன்ற கத்தோலிக்க ஊர்களின் கோவில் பாடகர் குழுக்களிலும், திருவிழா மேடையேறும் மெல்லிசைக் குழுக்களிலும் மின்கிட்டார் வாசிக்கிறார்கள். அவர்களில் பலருக்கு வெளிநாட்டு பெடலின் விலை எட்டாதது. ஒரு பெடலுக்குக் கொடுக்கும் காசில் இன்னொரு கிட்டாரே வாங்கிவிடலாம். ஆகவே கையால் செய்வது இங்கே வெறும் பொழுதுபோக்காக இருக்க வேண்டியதில்லை.

எல்லாவற்றுக்கும் மூத்தது டேப் வழி. ஓடும் காந்த நாடாவில் ஒரு ஹெட் ஒலியைப் பதிக்கிறது. சற்றுத் தள்ளியிருக்கும் இன்னொரு ஹெட் அதைப் படிக்கிறது. இரண்டுக்கும் இடையிலான தூரத்தை நாடாவின் வேகத்தால் வகுத்தால் கிடைப்பதே தாமதம். விநாடிக்கு 19 சென்டிமீட்டர் ஓடும் நாடாவில் 5 சென்டிமீட்டர் இடைவெளி விட்டால் ஏறத்தாழ 260 மில்லி விநாடி. அமெரிக்காவில் லெஸ் பால் பதிவுக்கூடத்தில் செய்து பார்த்ததை, 1950களின் முற்பகுதியில் ரே பட்ஸ் தம் எக்கோசோனிக் ஆம்ப்ளிஃபயருக்குள் வைத்தார். அந்த தசாப்தத்தின் முடிவில் மைக் பேட்டில் எக்கோபிளெக்ஸ் கருவியைச் செய்தார். இத்தாலியின் பின்சன் நிறுவனம் நாடாவுக்குப் பதிலாகக் காந்தத் தட்டைச் சுழலவிட்டது. ஜப்பானின் ரோலண்ட் 1974இல் ஆர்ஈ-201 ஸ்பேஸ் எக்கோவைக் கொண்டுவந்தது. காதுக்கு இவற்றை மிஞ்ச இன்னும் ஒன்று வரவில்லை என்றே நானும் நினைக்கிறேன். நாடா சற்றே ஆடி ஓடுவதால் திரும்பிவரும் ஒவ்வொரு ஒலியும் கொஞ்சம் அலைகிறது, மேல்சுருதி கரைகிறது, செவிக்கு இதமாக இருக்கிறது.

கேசட் காலத்து டெக்கின் எஞ்சிய பாகங்களைக் கொண்டு இதைச் செய்யலாமே என்று தோன்றும். பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடை இல்லாத கடைத்தெரு ஒரு காலத்தில் இங்கே இருந்ததில்லை. கணக்கும் ஒத்துவருகிறது. கேசட் நாடா விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடுகிறது; ஒன்றரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான இடைவெளியில் இரண்டு ஹெட்டுகளை வைத்தால் மூன்றில் ஒரு விநாடி தாமதம் கிடைத்துவிடும். ஆனால் இரண்டாவது ஹெட்டை நாடாவோடு நேராக உட்காரவைப்பது நுட்பமான இயந்திர வேலை. ரப்பர் உருளையும் பெல்ட்டும் இறுகிப்போயிருக்கும், மாற்று கிடைக்காது. ஆடியில் பள்ளத்தாக்குக் கணவாய் வழியாக வீசும் காற்று கொண்டுவரும் புழுதியில் திறந்த நாடா எத்தனை நாள் தாங்கும்? ஆசைக்குச் செய்து பார்க்கலாம், மேடைக்கு ஆகாது.

1969இல் நெதர்லாந்தின் பிலிப்ஸ் ஆய்வகத்தில் சாங்ஸ்டர், டீர் இருவரும் கண்டறிந்தது பிபிடி. தீப்பிடித்த கூரைக்கு ஊர்க்காரர்கள் வரிசையாக நின்று குடம் குடமாகத் தண்ணீரைக் கை மாற்றுவதுபோல, ஒலியின் மின்னழுத்தத்தை ஆயிரக்கணக்கான குட்டிக் கெப்பாசிட்டர்கள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தள்ளிவிடுகின்றன. மட்சுஷிடாவின் எம்என்3005 சிப்பில் 4096 படிகள். படிகளின் எண்ணிக்கையைக் கடிகாரத் துடிப்பின் இரு மடங்கால் வகுத்தால் தாமதம். 10 கிலோ ஹெர்ட்ஸ் துடிப்பில் 204.8 மில்லி விநாடி. 1981இல் வந்த பாஸ் டிஎம்-2 இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த பெடல். நாடாவுக்கு அடுத்தபடி காது விரும்புவது இதைத்தான். செய்வோருக்கு இது தரும் தொல்லையோ பெரிது. பயாஸ் மின்னழுத்தத்தை நுணுக்கமாகத் திருப்பிச் சரிபார்க்க வேண்டும். துடிப்பைப் பார்க்க ஆஸிலாஸ்கோப் வேண்டும். இரைச்சலை அடக்க, ஒலியை உள்ளே போகும்போது சுருக்கி வெளியே வரும்போது விரிக்கும் கம்பாண்டர் சுற்றும் வேண்டும். அசல் சிப்பின் உற்பத்தி நின்று நெடுநாளாகிவிட்டது. பெயரை மட்டும் அச்சிட்ட போலிகள் சந்தையில் உலவுகின்றன. முதல் பெடலை இந்த வழியில் தொடங்குபவர் பாதியில் கைவிட வாய்ப்பு அதிகம்.

நிரல் வழியைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஸ்பின் செமிகண்டக்டரின் எஃப்வி-1 சிப் ஏறத்தாழ ஒரு விநாடி வரை ஒலியை நினைவில் வைக்கும். டெய்சி சீட் போன்ற போர்டுகள் நிமிடக்கணக்கில் வைக்கும். கல்லூரி மாணவர்களுக்கு இவை நல்ல பயிற்சி. கச்சேரிக்கு நடுவில் பழுதானால் பக்கத்தில் சரிசெய்ய ஆள் கிடைக்காது என்பதே இவற்றின் மேல் எனக்குள்ள தயக்கம்.

இனி மைக்செட் வழி. தைவானின் பிரின்ஸ்டன் டெக்னாலஜி செய்த பிடி2399 என்ற 16 கால் ஐசி, கரோக்கே பெட்டிகளில் குரலுக்கு எக்கோ சேர்ப்பதற்காகப் பிறந்தது. மலிவான மிக்ஸர்களிலும் மைக் எக்கோ போர்டுகளிலும் பெரும்பாலும் இதுதான் உட்கார்ந்திருக்கிறது. சென்னை ரிச்சி தெருவில் நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். பெடலுக்கு வாங்கும் கால் சுவிட்சுக்கு இதைவிட அதிகம் கொடுக்க வேண்டியிருக்கும். மைக்செட் ஆம்ப்ளிஃபயர்களைப் பிரித்துப் பார்க்கும் ரேடியோ மெக்கானிக்குக்கு இந்தச் சிப் புதிதல்ல. உலகெங்கும் வீட்டில் பெடல் செய்வோர் கடந்த இருபது ஆண்டுகளில் அதிகம் கையாண்டதும் இதுவே. டோன்பேட் தளத்தின் ரெபோட்டே வரைபடம் எத்தனையோ பேருக்கு முதல் டிலேயாக அமைந்தது.

இந்தச் சிப்பின் குணத்தை ஒரு எண்ணிலிருந்தே புரிந்துகொள்ளலாம். உள்ளே இருக்கும் நினைவகம் 44 கிலோபிட். அது கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. தாமதத்தை நீட்ட வேண்டுமானால் அதே நினைவகத்தை மெதுவாக நிரப்புவதைத் தவிர வேறு வழியில்லை. ஆறாவது காலிலிருந்து தரைக்குப் போகும் ரெசிஸ்டர்தான் அந்த வேகத்தைத் தீர்மானிக்கிறது. தயாரிப்பாளரின் அட்டவணைப்படி 27.6 கிலோ ஓம் வைத்தால் 342 மில்லி விநாடி. ரெசிஸ்டரே இல்லாமல் நேரடியாகத் தரையில் இணைத்தால் 31.3. இடைப்பட்ட அளவுகளுக்குக் கிலோ ஓமை 11.46ஆல் பெருக்கி 29.7ஐக் கூட்டிக்கொண்டால் போதும், கிட்டத்தட்டச் சரியாக வரும். 31 மில்லி விநாடியில் விநாடிக்குப் பதினான்கு லட்சம் பிட்டுகளுக்கு மேல் ஒலியை விவரிக்கின்றன. 342இல் ஒரு லட்சத்து முப்பதாயிரம் மட்டும். விவரம் மெலிய மெலிய இரைச்சலும் சிதைவும் ஏறுகின்றன; 342இல் சிதைவு 1 சதவீதம் என்று தயாரிப்பாளரே சொல்கிறார். 50 கிலோ ஓம் போட்டு 600 மில்லி விநாடி வரை இழுக்கலாம்தான். ஆனால் அங்கே ஒலி மணலாகிவிடும்.

இந்தச் சிப்பைக் குறைசொல்வோர் இதைத்தான் சுட்டிக்காட்டுவார்கள். குரலுக்கும் கீபோர்டுக்கும் அந்தக் குறை உண்மை. கிட்டாருக்கு அப்படியில்லை. கிட்டார் ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் 5 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேல் எப்படியும் அதிகம் பேசாது. ஆகவே திரும்பிவரும் ஒலியை 3, 4 கிலோ ஹெர்ட்ஸோடு வடிகட்டிவிட்டால் இரைச்சலில் பெரும்பகுதி போய்விடும். கிட்டாரிலிருந்து போவது கொஞ்சமே. 10 கிலோ ஓம் ரெசிஸ்டரும் 4.7 நானோ ஃபாரட் கெப்பாசிட்டரும் சேர்ந்தால் வெட்டு 3.4 கிலோ ஹெர்ட்ஸ் அருகில் விழும். ஒவ்வொரு சுற்றிலும் ஒலி இந்த வடிகட்டியை மறுபடி கடப்பதால் மூன்றாவது திரும்பல் முதலாவதைவிட மங்கலாக இருக்கும். நாடா தந்த அழகின் ஒரு பகுதி இப்படித்தான் இந்தச் சிப்பிலும் கிடைக்கிறது. சரியாகக் கட்டிய பிடி2399 பெடலை வெளியே வைத்துக் கேட்கும்போது, அது முப்பது நாற்பது ரூபாய்ச் சிப் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

சரியாகக் கட்டுவது என்றால் என்ன என்பதில்தான் மைக்செட் போர்டும் பெடலும் பிரிகின்றன. முதல் வேறுபாடு வாசலில். மைக் 600 ஓம் சுமாரில் இருக்கும் மூலம். எக்கோ போர்டின் உள்ளீடும் அதற்கேற்பக் குறைந்த எதிர்ப்பில் இருக்கும். கிட்டார் பிக்கப்பை நேரே அங்கே செருகினால் மேல்சுருதி எல்லாம் செத்துப்போகும். டிஎல்072 போன்ற ஆப்-ஆம்ப்பை முன்னால் வைத்து, 1 மெகா ஓம் உள்ளீட்டோடு கிட்டாரை வாங்கிக்கொள்ள வேண்டும். அதன் இன்னொரு பாதியைக் கலவைக்குப் பயன்படுத்தலாம். கிட்டாரின் நேரொலி எக்காரணம் கொண்டும் பிடி2399க்குள் போய்வரக் கூடாது. சிப்பின் வழியாகப் போவது திரும்பல் மட்டும். இந்த ஒரு விதியை மீறிய எக்கோ போர்டுகளைக் கேட்டுவிட்டுத்தான் பலர் சிப்பின் மேல் பழிபோடுகிறார்கள்.

அடுத்தது திரும்பல்களின் எண்ணிக்கை. வெளியே வந்த ஒலியில் ஒரு பங்கை மறுபடி வாசலுக்கு அனுப்புகிறோம். அந்தப் பங்கு பாதி என்றால் ஒவ்வொரு சுற்றிலும் 6 டெசிபெல் குறையும். பத்துச் சுற்றில் காதுக்குத் தெரியாத அளவுக்குத் தேய்ந்துவிடும், அதாவது 342 மில்லி விநாடியில் மூன்றரை விநாடிக்குள். பங்கு 0.8 என்றால் முப்பது சுற்றுக்கு மேல் இழுக்கும், பத்து விநாடியைத் தாண்டும். ஒன்றைத் தொட்டால் ஒலி தேயாமல் வளர்ந்து ஊளையிடும். சிலர் அந்த ஊளையை வேண்டுமென்றே வாசிக்கிறார்கள். கோவில் மேடையில் வாசிப்பவருக்கு அது ஆகாது என்பதால், திருகை முழுவதும் திருப்பினாலும் 0.9ஐத் தாண்டாதபடி தொடரில் ஒரு ரெசிஸ்டரை வைத்துவிடுவது நல்லது. இதே வளையத்தில் கீழ்சுருதியையும் வெட்ட வேண்டும். பலரும் மறக்கும் இடம் இதுதான். கிட்டாரின் தடித்த ஈ தந்தி 82 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் அது அப்படியே திரும்பிவந்தால் நான்காவது சுற்றில் எல்லாம் குழம்பிவிடும். 100 நானோ ஃபாரட்டும் 10 கிலோ ஓமும் 160 ஹெர்ட்ஸ் சுமாரில் வெட்டும்; திரும்பல் ஒல்லியாகும், நேரொலிக்கு இடம் விடும்.

மின்சாரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் கெட்டுப்போகும் பெடல்களில் பெரும்பாலானவை இங்கேதான் கெடுகின்றன. சிப்புக்கு 5 வோல்ட் போதும். 9 வோல்ட் அடாப்டரிலிருந்து 78எல்05 ரெகுலேட்டர் அதை எடுத்துக் கொடுக்கும். பெடல் உலகின் வழக்கம் நடுமுனை நெகட்டிவ். வீட்டில் கிடக்கும் அடாப்டர்களில் பெரும்பாலும் நடுமுனை பாசிட்டிவ். ஆகவே வாசலில் ஒரு 1என்5817 டையோடு இல்லாமல் பெட்டியை மூடக் கூடாது. சிப் 15 முதல் 30 மில்லி ஆம்பியர் வரை குடிக்கும் என்பதால் 9 வோல்ட் பேட்டரியை நம்ப முடியாது. மலிவான அடாப்டரின் உள்ளே சுழலும் அதிவேகத் துடிப்பு, சிப்பின் கடிகாரத் துடிப்போடு மோதி, மெல்லிய விசில் ஒன்றை உண்டாக்கும். ரெகுலேட்டருக்கு முன்னால் 100 ஓமும் 100 மைக்ரோ ஃபாரட்டும் வைத்தால் அது பெரிதும் அடங்கும். சிப்பின் மூன்றாம் கால் அனலாக் தரை, நான்காம் கால் டிஜிட்டல் தரை. இரண்டையும் தனித்தனிக் கம்பியாகக் கொண்டுவந்து ரெகுலேட்டர் அருகே ஒரே புள்ளியில் சேர்க்க வேண்டும். டாட் போர்டில் கட்டுபவர்கள் அவசரத்தில் இரண்டையும் சிப்பின் அடியிலேயே இணைத்துவிடுகிறார்கள். பிறகு வரும் டிக்-டிக் சத்தத்துக்குக் காரணம் தேடுகிறார்கள். இரண்டாம் காலில் இருக்கும் அரை மின்னழுத்தத்துக்கு 47 மைக்ரோ ஃபாரட் கட்டாயம்.

இந்தச் சிப்புக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. மின்சாரம் வரும் கணத்தில் ஆறாம் காலில் எதிர்ப்பு மிகக் குறைவாக இருந்தால் சிப் உறைந்து நின்றுவிடும். திரும்பல் வராது, வெறும் இரைச்சல் வரும். திருகோடு தொடராக 2 கிலோ ஓமுக்குக் குறையாத ரெசிஸ்டர் ஒன்று இதைத் தடுக்கும். குறைந்தபட்சத் தாமதம் 50 மில்லி விநாடிக்கு மேல் ஏறும் என்பதே அதற்கான விலை. திருவிழா மேடையில் ஜெனரேட்டர் மாற்றும்போது மின்சாரம் போய் வரும் என்பதை நினைத்தால் அந்த விலை பெரிதல்ல.

பெட்டி உலோகமாக இருக்க வேண்டும், தரையோடு இணைந்திருக்க வேண்டும். மேடையில் சீரியல் செட்டும் ஃபோகஸ் லைட்டும் சுற்றி நிற்கும்போது பிளாஸ்டிக் பெட்டி 50 ஹெர்ட்ஸ் ரீங்காரத்தை அப்படியே உள்ளே விடும். வார்ப்பு அலுமினியப் பெட்டி கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் வீட்டு ஒயரிங் சுவிட்சுகளுக்குச் சுவரில் புதைக்கும் இரும்புப் பெட்டியே போதும், மிதிப்பதைத் தாங்கும்.

வாசிப்பவரே தன் கருவியைச் செய்வதற்கு நம் நாட்டில் பெரிய முன்னோடி உண்டு. புல்லாங்குழல் வாசித்த பொறியாளர் ஜி. ராஜ்நாராயண் 1970களில் மின்னணுச் சுருதிப்பெட்டியையும் தம்பூராவையும் வடிவமைத்து, பெங்களூரில் ரேடல் நிறுவனத்தை வளர்த்தார். கச்சேரி மேடைகளில் இன்று அந்தப் பெட்டி இல்லாத இடம் குறைவு. மும்பையில் அனிமல் ஃபாக்டரி என்ற சிறு நிறுவனம் கிட்டார் பெடல்களைச் செய்து வெளிநாடுகளுக்கும் விற்கிறது. ராஜ்நாராயணிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, கருவி எந்த இசைக்கு என்பதை அவர் முதலில் தீர்மானித்தார் என்பதைத்தான். டிலே பெடலில் இந்தக் கேள்வியை நாம் இன்னும் சரியாகக் கேட்கவில்லை.

தாமதத்தைத் தாளத்தோடு பொருத்தும் வழக்கத்தை எடுத்துக்கொள்வோம். மேற்கத்திய ராக் கிட்டாரில் புகழ்பெற்றது, ஒரு அடியின் முக்கால் பங்கில் திரும்பலை விழவைப்பது; யூ2 குழுவின் தி எட்ஜ் அதை உலகுக்குப் பழக்கினார். நிமிடத்துக்கு 120 அடி ஓட்டத்தில் அது 375 மில்லி விநாடி. அடியை நான்காகப் பிரிக்கும் பாட்டுக்கு அது சரி. நம் நாட்டுப்புறப் பாட்டிலும் கும்மியிலும் அடி பெரும்பாலும் மூன்றாகப் பிரியும் திஸ்ர நடை. அங்கே முக்கால் பங்குத் திரும்பல் தாளத்தின் மேல் இடறி விழும். மூன்றில் ஒரு பங்கிலோ இரண்டு பங்கிலோ வைத்தால் தாளத்தோடு பின்னிக்கொள்ளும்: 120 ஓட்டத்தில் 167 அல்லது 333 மில்லி விநாடி, 100 ஓட்டத்தில் 200 அல்லது 400. இவற்றில் 400ஐத் தவிர மற்றவை எல்லாம் பிடி2399 தெளிவாகப் பேசும் எல்லைக்குள் வருவதைக் கவனியுங்கள். அதனால் தாமதத் திருகுக்கு 50 கிலோ ஓம் தேவையில்லை. 25 கிலோ ஓமும் தொடரில் 2.2 கிலோ ஓமும் வைத்தால் 55 முதல் 340 வரை கிடைக்கும். திருகின் முழுச் சுற்றும் பயன்படும் வீச்சிலேயே ஓடும். வெளிநாட்டு வரைபடங்களை நகலெடுப்பவர்கள் மாற்ற வேண்டிய முதல் பாகம் இதுவே என்பேன். அடியின் நீளம் வேண்டுமானால் 60,000ஐ நிமிட அடிகளால் வகுத்துக்கொள்ளலாம். பெட்டியின் மேல் திருகைச் சுற்றி மில்லி விநாடியோடு திஸ்ர நடைக்கான ஓட்டத்தையும் எழுதிவைத்தால் மேடையில் கணக்குப் போட வேண்டியிராது.

வெளிமேடையில் வாசிப்பவர் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் இருக்கிறது. தெரு நெடுகக் கட்டும் குழாய் ஸ்பீக்கர்கள் தாமே டிலே. நூறு மீட்டர் தள்ளியிருக்கும் குழாயின் ஒலி, பக்கத்துக் குழாயின் ஒலிக்கு 290 மில்லி விநாடி பிந்தி வந்து சேர்கிறது. ஊர் மலையடிவாரத்தை ஒட்டியிருந்தால் பாறையும் தன் பங்குக்குத் திருப்பும். 59 மீட்டர் தொலைவில் நிற்கும் பாறைச்சுவர் தருவது, நம் பெடலின் முழுத் தாமதமான 342 மில்லி விநாடியை ஏறத்தாழ ஒத்தது. இத்தனைக்கும் மேலே வீட்டு அறையில் அழகாகக் கேட்ட அதே அளவில் பெடலை விட்டால், கேட்பவருக்குப் பாட்டு புரியாது. அதனால் கலவைத் திருகைக் கால்வாசிக்கு மேல் ஏற்றாமல், திரும்பலை இரண்டோடு நிறுத்தி, தாமதத்தை 200க்குக் கீழே வைத்துக்கொள்வது வெளிமேடைக்கு ஏற்றது. கச்சேரிக்கு முன் ஒலி பார்க்கும்போது மேடையில் நின்று கேட்டு முடிவுசெய்யக் கூடாது. கடைசிக் குழாயின் அடியில் ஒருவரை நிற்கவைத்து, அவர் சொல்வதைக் கேட்டுத் திருகை வைக்க வேண்டும்.